உண்மை நகல்

தேவகோட்டை தாலுகா ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
மிஷின் கண்ணாடியில் ஒரு கீறல்.
எதை நகலெடுத்தாலும் வலது ஓரத்தில்
மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழும்.
பட்டா, சாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை,
எல்லாவற்றிலும்.
யாரும் கேட்டதில்லை.

சேதுராக்குதான் கேட்டாள்:
"இதென்ன, மனுவுலயும் வேலி போட்டு வச்சிருக்கீங்க?"

புதுவயல் அரிசி மில்லில் வேலை அவளுக்கு.
ஞாயிறு சாயங்காலம்
தவிடு ஒட்டிய தலையோடு கடைக்கு வருவாள்.
திங்கட்கிழமைக் கூலியை விட்டுவிட்டு
சிவகங்கைக்கு பஸ் ஏறுவாள், கலெக்டரிடம் மனுக் கொடுக்க.
கூட ஆறேழு பெண்கள்,
காலில் சிமெண்ட் காய்ந்த இரண்டு கொத்தனார்,
மனு எழுதுகிற பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.
கொடி கிடையாது, லெட்டர்பேடு கிடையாது.
ஒரு கட்டைப்பை.
அதற்குள் கைநாட்டு வாங்க ஸ்டாம்ப் பேடு.

கேட்டது இதுதான்:
சுடுகாட்டுக்குப் பாதை.
எட்டடி அகலம்.
புல வரைபடத்தில் இருக்கிறது.
தரையில் கருவேல முள் இருக்கிறது.

போன ஐப்பசியில் இருளாயியைக்
கண்மாய்க்குள் இறங்கித்தான் தூக்கிப்போனார்கள்.
பாடை நனையாமல் உயர்த்திப் பிடித்த கைகளில்
அந்தப் பையனுடையதும் உண்டு.
குட்டையான பையன்.
தண்ணீர் அவனுக்கு மூக்குவரை.

கையெழுத்துக்கு அவள் ஏறாத படி இல்லை.
மில் வாசல், ரேஷன் கடை, சந்தை,
அப்புறம் ஒருநாள் எங்கள் தெருவுக்கும்.
ரிட்டயர்டு போஸ்ட்மேன் போட்டார்.
கணக்கு டீச்சர் சமையலறை ஜன்னல் வழியே
கையை மட்டும் நீட்டிப் போட்டார்.
மற்ற கதவுகள்
அப்போதுதான் சாத்தினதுபோல் இருந்தன.

அன்றிரவு அவள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது.
அவர்கள் பக்கத்துப் பையன்கள் அதையே எடுத்துக்கொண்டு
கிளம்பியிருக்கிறார்கள்.
பிடுங்கிக் கட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.
அடுத்த மனுவில் இணைப்பு நான்கு:
"கல் ஒன்று. திருப்பி எறியப்படவில்லை."

அதையும் நகலெடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன்.
ஓரத்தில் கோட்டோடு
யாரோ முகம் திருப்பிக்கொண்ட மாதிரி வந்தது.
செம்புறாங்கல்.
எங்கள் தெருக்கோடி மதில் இடிந்து கிடக்கிற இடம்
எனக்குத் தெரியும்.
"மூணு காப்பி போதுமா?" என்றேன்.

பிறகு அமைதிக் கூட்டம் போட்டார்கள்.
இரண்டு பக்கமும் நாற்காலி,
டீ, ஆளுக்கு இரண்டு மாரி பிஸ்கட்.
ஊர் அமைதியாக இருக்கவேண்டும்,
இரு தரப்பும் ஒத்துழைக்கவேண்டும்,
இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார் தாசில்தார்.
சேதுராக்கு டீயைத் தொடவில்லை.
"சத்தம் போடாம இருக்கிறதுதான் அமைதின்னா
செத்தவுகளவிட அமைதியா யாரு இருக்கா சார்?
அவுகளுக்கே வழி விடலையே."

அந்தப் பேப்பரின் நகலும் என் கடைக்குத்தான் வந்தது.
அவள் பெயருக்கு எதிரே
கட்டம் வெள்ளையாக இருந்தது.

அதற்கப்புறம் நான் அவளிடம் காசு வாங்குவதில்லை.
என் பங்குக்கு இதாவது இருக்கட்டும் என்று.
இன்றைக்குச் சில்லறையை எண்ணிக்
கல்லா மேல் வைத்தாள்.
"காசை வாங்கிக்கங்க.
கையெழுத்துதான் பாக்கி."
அசலை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
காலையில் முதல் பஸ்ஸுக்கு முன்னால் வாங்கிக்கொள்வாளாம்.

மணி ஒன்பதரை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
அசலில் அந்தக் கோடு இல்லை.
இவ்வளவு நாள் அதை நான் கவனிக்கவில்லை.

வரிசை எண் இருநூற்றுப் பதினெட்டு.
பெயர். எழுதிவிட்டேன்.
அடுத்த கட்டம், தந்தை பெயர்.

முள்ளை வெட்டிவந்து போட்ட அரிவாள்
எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் தொங்குகிறது.

மிஷின் சூடு ஆறவில்லை.
பேனாவில் மை இருக்கிறது.