பதினேழாவது கோல்

நான்காவது ஆட்டம் முடிந்தபோது
கணக்கு பதினேழு.
எண்ணியவன் நான்.
ஒவ்வொரு முறையும் குனிந்து
வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தவனுக்கு
எண்ணிக்கை தப்பாது.

முஹரக்கிலிருந்து சித்ராவுக்குத் திரும்பும் மினிபஸ்ஸில்
ஏசி பாதிதான் வேலை செய்தது,
வாய்கள் முழுதாக.

"கோச் சரியில்லை" என்றான் கிளாட்வின்.
ஸ்டாப்பர். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவன்,
ஆறு வருட குப்பூஸ் இடுப்பில் நிற்கிறது.
"நாலு பேரும் ஒரே கோட்டுல ஏறி நிக்கணுமாம்.
முதுகுக்குப் பின்னால பாதி மைதானம் காலி.
அந்த நேபாளிப் பையன்
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுறான்லே,
நான் எங்க போய்ப் பிடிக்க?"

முன் சீட்டில் அமலதாஸ் அண்ணன் திரும்பவில்லை.
பகலில் ஸ்டோர் கீப்பர்.
போல்ட், நட், வாஷர்,
எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.
இரவில் போர்வைக்குள் போனில் ஐரோப்பா.
போன வாரம் எங்கள் அறைத் தரையில்
பெப்சி மூடிகளை வைத்து விளக்கினார்.
நான்கு மூடிகள் சேர்ந்தாற்போல் முன்னேறின,
எதிரி மூடி ஆஃப்சைடில் தனியே முழித்தது.
அழகாகத்தான் இருந்தது.
மூடிகளுக்கு நைட் ஷிப்ட் கிடையாது.

"வரைஞ்சதுல தப்பில்ல"
டிரைவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்,
"ஆள்தான் இல்ல.
தண்ணி லாரிகூட இதைவிடச் சீக்கிரம் திரும்பும்."
கிளாட்வினின் காது சிவப்பதைப்
பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்புறம் எல்லோரும்.
ஐந்தாவது கோல் யாருடையது என்பதில்
ஒரு பாலம் போனது.
ஒன்பதாவதில் உம்மல் ஹசம் சிக்னல்,
இரண்டு முறை பச்சை விழுந்தும் நகரவில்லை.
கடற்கரை ஊர்க்காரனுங்களுக்கு
ஓட்டையடைக்கத் தெரியலையே என்றான் புகாரி,
அவனும் காயல்பட்டினம்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் மடியில் வைத்து
கையுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தேன்.
கிளாட்வினுக்கு இரவு.
புகாரிக்குப் பகல்.
ஷைனு கப்பல் பட்டறையில் ஓவர்டைம்.
மரியடெல்லஸ் எங்கே என்று
அவன் ஃபோர்மேனுக்கே தெரியாது.
இந்த நாலு பேரும் ஒன்றாகப் பயிற்சிக்கு நின்ற நாள்
இந்த சீசனில் எத்தனை என்று
விரலைத் திறந்து பார்த்தேன்.
ஒன்று.
அன்றைக்குப் பந்தை கேம்ப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்.

முடிய இரண்டு நிமிடம்.
கோடு ஏறியிருந்தது,
அதிசயமாக, நாலு பேரும் சேர்ந்து,
தரையில் பார்த்த அதே மாதிரி.
ஷைனு மட்டும் அரை அடி பின்னால்.
பந்து அடிபடப் போகிறது,
நேபாளி தோளைத் தாழ்த்துகிறான்.
இதையெல்லாம் பார்க்கிற இடத்தில் நின்றவன்
நான் ஒருவன்தான்.
"ஏறு ஷைனு" என்றால் போதும்,
கொடி உயர்ந்திருக்கும்.
"இறங்கு" என்றாலும் ஏதோ ஒரு கால் குறுக்கே விழுந்திருக்கும்.
இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் கிளம்பி
தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன.
பந்து என் இடது முழங்காலைத் தாண்டிப் போனது,
அவசரமேயில்லாமல்.

பஸ்ஸில் பதினேழாவதைப் பற்றி
யாரும் பேசவில்லை.
அதற்குள் கேம்ப் கேட் வந்துவிட்டது.

அமலதாஸ் அண்ணன் கூம்புகளை அடுக்கிக்கொண்டு இறங்கினார்.
கிளாட்வின் தண்ணீர் கேனின் மறுகாதைப் பிடித்தான்.
"அடுத்த வெள்ளி?"
"நைட் முடிச்சு நேரா வர்றேன்.
தூங்கிட்டா எழும்பமாட்டேன்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
"ஏறு" என்றேன், மெதுவாக.
தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தரம் வயிற்றிலிருந்து.
வெளியே வாளியோடு வரிசையில் நின்றவன்
கதவைக் குத்தினான்:
"யாரைலே ஏறச் சொல்றே?
முதல்ல நீ இறங்கு."