அட்டையில் ஒரு கட்டம்

தெசலோனிக்கி. மருத்துவமனையின் நான்காம் மாடி.
தகப்பனார் கட்டிலின் கால்மாட்டில்
கம்பியில் தொங்குகிறது ஓர் அட்டை.
காய்ச்சல், நாடி, குடித்த நீர்.
கடைசிக் கட்டத்தின் தலையில்
பதினோரு வருடம் நான் குடியிருந்த சொல்:
கெனோசிஸ்.
அதன் கீழே, நீல மையில், 2.

இங்கே அதற்கு
வயிறு கழிதல் என்று பொருள்.

அந்தச் சொல்லுக்கு ஆய்வேடு எழுதியவன் நான்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கடவுள் தம்மை வெறுமையாக்கினார் என்றால்
எதைக் கொட்டினார், எதை வைத்துக்கொண்டார்?
மகிமையைத் துறந்தாரா, மூடி மறைத்தாரா?
ஆயர்கள் மல்லுக்கு நின்ற விவகாரம்.
வினைச்சொல்லின் காலத்துக்கே முப்பது பக்கம் போயிற்று:
ஒரே தரம் நடந்து முடிந்ததைச் சொல்லும் காலம் அது
என்று நிறுவினேன்.
கைதட்டினார்கள். காப்பி கொடுத்தார்கள்.

2 என்று எழுதியவள் த்சியாலா,
ஜார்ஜியாக்காரி. இரவுக்கு இத்தனை யூரோ என்று பேச்சு.
குதாயிசியில் வேதியியல் ஆசிரியை.
அதை அவள் சொல்லவில்லை;
மருந்துச் சீட்டை அவள் படிக்கும் விதத்தில்
நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

தகப்பனார் த்ராசிவூலோஸ்
கபானி சந்தையில் ஆட்டுக் குடலும் ஈரலும் விற்றவர்.
கடைப் பலகையில் ஒரே சொல், சிவப்பில்: ஸ்ப்ளாக்னா.
ஈஸ்டருக்கு முந்தின நாள் சூப்புக்கு வாங்க
தெருமுனை வரை வரிசை நிற்கும்.
பள்ளியில் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்.

பிறகு, குருமடத்து நூலகத்தில்,
சுவிசேஷத்தின் நடுவில் வைத்து
அதே பலகையைப் பார்த்தேன்.
தொழுநோயாளி முன்னால் நின்றபோது
நாசரேத்துக்காரருக்கு நேர்ந்ததைச் சொல்ல
கிரேக்கத்துக்குக் கிடைத்த வினை குடலிலிருந்து வருகிறது.
உள்ளே ஈரக்குலை புரண்டது,
பிறகுதான் கை நீண்டது.
மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வேன்.
பலகையைப் பற்றி
ஒரு வருடமும் சொன்னதில்லை.

மூன்றரை மணிக்கு நாற்றம் எழுப்பிற்று.
அவர் விழித்திருந்தார்.
கண் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தது,
த்சியாலாவைத் தேடி.
அவள் மகளோடு பேசப் படிக்கட்டுக்குப் போயிருந்தாள்.
மணியை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

வெந்நீர் பிடித்தேன்.
கையுறை ஒன்று கிழிந்தது, ஒன்று நுழையவில்லை.
புரட்டியபோது
இந்த மனிதரா முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
சந்தைக்குள் நடந்தவர் என்றிருந்தது;
ஈரத் துண்டளவுதான் கனம்.
அவர் முகத்தைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டார்.
எனக்கு வயிற்றைக் குமட்டியது.
இதையும் எழுதுகிறேன்; மறைத்தால் பொய்.
குமட்டல் எந்த இடத்தில் அடங்கி
வேறொன்றாகப் புரண்டது என்று
அடிக்குறிப்பு போடத் தெரியவில்லை.

"துணியைக் கத்தி மாதிரிப் பிடிக்காதே"
என்றார் சுவரைப் பார்த்தபடி.
பிடியை மாற்றினேன்.
எதைக் கொட்டினார், எதை வைத்துக்கொண்டார் என்ற கேள்வி
தண்ணீர் ஆறும் வரை நினைவுக்கு வரவில்லை.

கை கழுவி, அட்டையை எடுத்து,
2-ஐ அடித்துவிட்டு 3 என்று போட்டேன்.
அந்தச் சொல்லைப் பற்றி
நான் எழுதியவற்றில் மிகச் சிறியது.

த்சியாலா வந்தாள். போர்வையின் மடிப்பைப் பார்த்தாள்,
என் சட்டைக் கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையை விளக்குக்குக் காட்டி,
"இது மூன்றா, எட்டா?" என்றாள்.
"மூன்று."
தன் பேனாவால் அதன் மேலேயே
இன்னொரு முறை தெளிவாக எழுதினாள்.