ரி-யில் நின்றவன்

மூதூர் லோஞ்சைப் பற்றிய நாடகம்.
நகரசபை மண்டபத்தில் மூன்று இரவு.
மேடையின் இடப்பக்கம், திரைக்கயிற்றுக்குக் கீழே
எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை,
'நி' அடிக்கடி ஒட்டிக்கொள்ளும் பழைய காசியோ.

லோஞ்சுக்காரருக்கு இரண்டு தாழ்ந்த சுரம் கொடுத்தேன்,
டீசல் புகை மாதிரி.
கடன் கேட்டு வரும் முதலாளிக்குக்
கறுப்புக் கட்டைகள் மட்டும்.
மகன் தவச்செல்வனுக்கு ஐந்து:
ப த ப, கொஞ்சம் பொறுத்து, க ரி.
ஸ-வுக்கு இறங்காது.
வாசற்படியில் ஒரு காலை வைத்து
செருப்பைக் கழற்றாமலே பேசிவிட்டுப் போகிற பெடியன்,
அப்படித்தான் எழுதியிருந்தார் பரராசசிங்கம் சேர்.

முதல் அங்கத்தில் நாலு தரம் வாசித்தேன்.
வலையோடு வந்தபோது.
காய்ச்சலோடு வந்தபோது, ஒரு கட்டை இறக்கி.
யாருடையதோ ரேடியோவைத் திருத்திக்கொண்டு வந்தபோது.
பிறகு சும்மா வந்தபோது.
நாலாம் தரம், அவன் தலை தெரியுமுன்னே
முன்வரிசைக் குழந்தை ஒன்று "அண்ணா!" என்றது.
போதும் எனக்கு.
மெட்டுக்கு முகம் முளைத்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஏன் மெட்டு இல்லை?"
ஒத்திகையில் கேட்டாள் மங்களேஸ்வரி அக்கா,
பகலில் கச்சேரியில் லிகிதர், இரவில் தவச்செல்வனின் தாய்.
"வாறவைக்கும் போறவைக்கும்தான் அக்கா மெட்டு.
நீங்கள் மேடையை விட்டு இறங்கிறதே இல்லையே.
மணியைக் கதவிலதானே கட்டுறது,
சுவரில இல்லையே."
கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைத்தேன்.
வாயில் ஊசி இருந்ததால்
அவள் பதில் சொல்லவில்லை என்றும் நினைத்தேன்.

இரண்டாம் அங்கத்தில் அவன் லோஞ்சில் ஏறுவான்.
மூன்றாம் அங்கத்தில் வரமாட்டான்.
ஏன் என்று எழுதிய பக்கத்தைச் சேரே கிழித்துவிட்டார்;
இந்த ஊரில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.
தாய் இரண்டு தட்டு வைப்பாள்.
பிரதியில் அந்த இடத்தில்: மௌனம்.

முதலிரவு மௌனமாக இருந்தேன்.
இரண்டாம் இரவு விரல் இருக்கவில்லை.
ப த ப.
க ரி.

முந்நூறு தலைகள் வலப்பக்கம் திரும்பின.
அங்கே மண்வாளி ஒன்று.
அதன் பக்கத்தில், அரிதாரம் கழுவி
ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த தவச்செல்வன்
வாய் நிறைய மாவோடு எழும்பி நின்றான்,
தன் வரவைத் தவறவிட்டதாக நினைத்து.
திரைக்குப் பின்னால் நின்றபடியால்
அவனை நான் மட்டுமே பார்த்தேன்.
மண்டபம் பார்த்தது வெறும் திரையை.
அலை வருமுன் கடல் பின்னுக்கு இழுபடுமே,
கால் விரலிடையில் மண் போகிற அந்தச் சத்தம்
கதிரைகளுக்குள்ளிருந்து வந்தது.

நாடகம் முடிய ஒரு அம்மா வந்தா,
கைப்பைக்குள் பொலித்தீன் சுற்றிய கோவை தெரிந்தது.
"தங்கச்சி, அதை வாசிச்சவுடன வாறான் எண்டு நினைச்சன்."
கோபம் இல்லை.
"நாளைக்கும் வாசிப்பியளோ?"
தெரியாது என்றேன்.
"வாசியுங்கோ.
கொஞ்சம் மெதுவா."

மூன்றாம் இரவு மெதுவாக வாசித்தேன்.
அவ்வளவுதான் நாடகம்.
காசியோவை உறைக்குள் போட்டு
அலுமாரிக்கு மேல் ஏற்றியாயிற்று.

மாசிப் பனியில் ஒரு காலை, உட்துறைமுக வீதி.
பாண் ஆட்டோ வருகிறது,
தீவு முழுக்க மனப்பாடமான அதன் ஒரே மெட்டோடு.
இன்னும் மூலையில் திரும்பவில்லை,
அதற்குள் படலைகள் திறக்கின்றன, சில்லறை குலுங்குகிறது,
கோட்டைப் பக்கமிருந்து வழிதப்பிய மான் ஒன்று
நிதானமாக ஒதுங்கி நிற்கிறது.

மங்களேஸ்வரி அக்கா, தோளில் துவாய்,
ஒரு றாத்தல் பாணும் இரண்டு பனிஸும்.
ஆட்டோவின் இரைச்சலுக்கு அடியில்
அவள் வேறொன்றை முணுமுணுக்கிறாள்.
ப த ப.
மிச்சக் காசை எண்ணியபடி க, ரி,
கடைசி ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டு
ஸ.

அக்கா, அதில் ஸ இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பாணைக் கக்கத்தில் இடுக்கி
காலால் படலையைத் தள்ளி உள்ளே போய்விட்டாள்,
கொளுவாமல்.

ஆட்டோ அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பி
முதலிலிருந்து தொடங்கியது.