பொறு

பழவூர்க் காட்டில் பதினேழாம் காற்றாலை நின்றுவிட்டது.
ஆடி பிறந்து நாலு நாள்.
கணவாய் வழியே வந்த காற்று
சட்டைக்குள் புகுந்து
என்னைப் பெரிய ஆளாக்கிக் காட்டுகிறது.

முப்பிடாதி மேலே ஏறிவிட்டான்.
ஏணியில் அவன் பூட்ஸ் சத்தம்
குழாய்க்குள் தேய்ந்து தேய்ந்து நின்றது.
கீழ்க்கதவை அரைவாசி திறந்து வைத்தேன்,
கோபுரத்துக்குள் செல்லுக்கு டவர் கிடைக்காது.
குத்தவைத்து,
மடியில் பழைய லேப்டாப்.

மூன்று கிலோ இருக்கும்.
செலரான் ஸ்டிக்கர் பாதி உரிந்து
மீதியில் என் கட்டைவிரல் அழுக்கு.
ஒரே ஒரு கோர்.
ஆபீசில் எட்டுக் கோர் உள்ளது ஒன்று உண்டு,
கிளாட்வின் சார் அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கித் திரிவார்.
ஆனால் ஒன்பது ஊசிக் கேபிளைச் செருக
அதில் ஓட்டை கிடையாது.

பட்டனை அமுக்கினால்
முதலில் தேதி கேட்கும்.
உள்ளே பொட்டளவு பேட்டரி ஒன்று
செத்து வருஷங்கள் ஆச்சு.
எப்போது விழித்தாலும் அதற்கு
இரண்டாயிரத்து நாலு, ஜனவரி ஒன்று.
இல்லை, இத்தனை வருஷம் போய்விட்டது என்று
நான்தான் சொல்ல வேண்டும்.
எங்கே போச்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மணல் கடிகாரம் கவிழ்கிறது,
மறுபடி கவிழ்கிறது.
விசிறி இடுக்கில் தேரிச் செம்மண்.

ஒற்றைக் கோர் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலை.
பார்க்கிறவனுக்குத்தான்
எல்லாம் சேர்ந்து நடக்கிற மாதிரி.
உள்ளே கால்வாய்த் தண்ணீர் போல முறை:
கொஞ்சம் மவுசுக்கு, கொஞ்சம் திரைக்கு,
கொஞ்சம் கேபிளில் வருகிற எண்ணுக்கு.
மடையை மாற்றி மாற்றித் திறக்கிற வேகத்தில்
தன் வயலில்தான் தண்ணீர் நிற்கிறது என்று
ஒவ்வொருத்தரும் நம்ப வேண்டும்.
இன்றைக்கு அந்த வேகம் வரவில்லை.
என் தொடை மட்டும் வேகிறது.

அறுபத்து மூன்று சதவீதத்தில்
வாக்கிடாக்கி:
'என்னல கோடு வருது? காத்து ஆளத் தூக்குது.'
செல்லில் ஜெபராணி,
வள்ளியூர் பேங்கில் நிற்கிறாள்,
நகைச்சீட்டு யார் பேரில் என்று மேனேஜர் கேட்கிறாராம்.
பின்னாலேயே கிளாட்வின் சார்.
மூவருக்கும் ஒரே பதில் சொன்னேன்: பொறு.
சாருக்கு மட்டும் பொறுங்க.

அதற்குள் திரை உறைந்தது.
அணைத்து, திரும்பப் போட்டு,
கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தட்டி
ஒரு வழியாய்க் கோடு வந்தது.
திசை காட்டும் சென்சார்.
மேலே அவன் துடைத்து மாட்டினான்.
இறக்கை யோசித்தது,
பிறகு சுற்றியது.
வீடு போய்ச் சேரும்போது
ஜெபராணி பேசவில்லை.

மறுநாள் கிளாட்வின் சார் கேட்டார்:
'பதினேழுல நேத்து ஒரு யூனிட் கூட ஏறலயே?'
நல்ல காற்றில் ஓடியதைக்
கண்ணால் பார்த்தவன் நான்.
அரை மணி நேரம் தேடிய பின் அகப்பட்டது.
அந்த அவசரத்தில் தேதி சொல்ல மறந்திருக்கிறேன்.
லேப்டாப் நம்பியதைக்
காற்றாலையும் நம்பிவிட்டது.
ஒன்பதாயிரத்து நானூறு யூனிட்
இரண்டாயிரத்து நாலு ஜனவரி ஒன்றில்
பத்திரமாய் இருக்கிறது.

அந்த வருஷம் இங்கே உடைமரம்தான்,
அஸ்திவாரக் குழிகூட வெட்டவில்லை.
முப்பிடாதி பணகுடியில் ஐந்தாம் வகுப்பு.
எனக்கு பாலிடெக்னிக்கில் நாலு அரியர்,
ஜெபராணி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது.
யாருமில்லாத காட்டில்
ஒரு பகல் முழுக்க மின்சாரம்.

பேப்பரில் திருத்தி எழுதச் சொன்னார். எழுதினேன்.
உள்ளே இருப்பதை இன்னும் அழிக்கவில்லை.
அழிப்பதென்றால்
அதை எழுப்ப வேண்டும்,
எழுந்ததும்
தேதி கேட்கும்.