மூன்றாம் நாள் டிரம்

சாத்தாங்காட்டில் இரும்பு இறக்கும் லாரிகளுக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை, இருநூறு குஞ்சுகள்,
நான்.

நீல டிரம்மில் மக்காச்சோளக் குருணை, சோயாப் பிண்ணாக்கு,
மூழ்கி நிற்கத் தண்ணீர்,
முனை மாவுக்கடை ரோசலின்
கிரைண்டர் கழுவிய வெள்ளைத் தண்ணி ஒரு சொம்பு.
மூடியை இறுக்கக் கூடாது.
அதுவும் மூச்சு விடணும்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் ஒற்றைக் குமிழி,
யாரோ அடியில் உட்கார்ந்து யோசிப்பதுபோல்.
மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினால்
நல்ல புளிப்பு,
பழைய சோற்றுக்குத் தங்கச்சி.

"நாறுது சார்" என்று யாரோ புகார் கொடுக்க
கார்ப்பரேஷன் ஆள் வந்து மூக்கை உறிஞ்சினார்.
அந்நேரம் பார்த்து
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
எது எவன் நாற்றமென்று எழுதத் தெரியாமல்
பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

போன முறை செத்தது இருபத்தியொன்று.
சிமெண்டுச் சாக்கில் போட்டவள் நான், எண்ணிக்கை மறக்காது.
இந்த முறை நான்கு.
எச்சம் இறுகியிருக்கிறது, கீழே உமி காய்ந்திருக்கிறது,
கண் எரியாமல் குனிந்து கூட்ட முடிகிறது.
புளிப்பாலா, மழை ஏமாற்றியதாலா,
சத்தியம் செய்ய மாட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் விடியுமுன்
மூலக்கொத்தளத்து வண்டி வந்தது.
"ரெண்டு கிலோ சொச்சம்க்கா, இன்னாதான் போட்ட?"
தராசுக்காரன் பதிலுக்கு நிற்கவில்லை.

வெறும் கொட்டகை.
இரண்டு இறகு, கவிழ்ந்த தண்ணீர்க் கிண்ணம்.
பழக்க தோஷத்தில் நேற்று கலக்கியது மட்டும்
டிரம்முக்குள்
யாருக்கென்று கேட்காமல்
பொங்கிக்கொண்டிருந்தது.