அடிக்கட்டை

மரம் வெட்டினவன் நானூறு வெள்ளி வாங்கினான்.
அடிக்கட்டை அந்தக் கணக்கில் சேராதாம்.
"அது வேற வேலைக்கா, வேற ஆள்" என்றான்
லோரியில் ஏறிக்கொண்டே.
ஜம்பு மரம் போய்விட்டது.
போன இடத்தின் நடுவில்
சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒன்று
போகாமல் உட்கார்ந்திருந்தது.

முதல் மாதம் அதன்மேல் துணிக்கூடை வைத்தேன்.
இரண்டாம் மாதம் ஓரமெல்லாம் துளிர்,
செம்பு நிறத்தில், கூச்சமே இல்லாமல்.
கிள்ளிப் போட்டுவிட்டு நைட் ஷிஃப்ட் போனேன்.
நான்கு நாள் கழித்துக் குனிந்து பார்த்தால்
மறுபடியும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
கெலுகோர் சந்தை மீன்கார ஆ ஹுவாட்
துளை போட்டுக் கல்லுப்பு கொட்டச் சொன்னார்.
மூன்று கிலோ தின்றது.
என் லைனில் நிற்கும் குணவதி தயிர் என்றாள்,
பூஞ்சை பிடித்து மக்கிவிடுமாம்.
தெருப்பூனைகளுக்குத்தான் நல்ல வாரம்.
கரி போட்டு எரித்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை
புவான் ரொஹாயா வேலிக்கு அந்தப் பக்கம்
கொடியில் காய்ந்த தொழுகைத் துணிகளை
ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, மடித்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தேன்.
அதற்குப் பிறகு மாதக்கணக்கில்
கேட் திறக்கும் சத்தம் மட்டும்தான் எங்களுக்குள்.

இந்த வீட்டில் நானும் பூபாலனும்
பதினோரு வருஷம் தண்ணீர் பில்லுக்குச் சண்டை போட்டோம்.
கூடுதலாக வந்தது எட்டு வெள்ளி.
அவன் கார் கழுவுவதை நான் சொல்வேன்.
நான் தலை குளிப்பதை அவன் சொல்வான்.
டாய்லெட் தொட்டியைத் திறந்து காது வைத்துக் கேட்பான்.
நான் இரவு பன்னிரண்டுக்கு மீட்டரைப் படம் எடுப்பேன்,
விடியற்காலை ஐந்துக்கு இன்னொன்று.
எண் நகர்ந்திருக்கும்.
நீதானே எழுந்து போனாய்.
இல்லை, நீதான்.

அவன் ஈப்போவுக்குப் போனதற்கு
இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.
பெட்டியோடு வாசல்வரை போனவன்
திரும்பி வந்து சமையலறைக் குழாயை
இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுப் போனான்.
அதை மட்டும் சொல்வேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது
சுகியோனோ சின்னத் தோண்டு எந்திரத்தோடு வந்தார்.
கட்டையைச் சுற்றி இடுப்பளவு பள்ளம்.
சட்டென்று எந்திரத்தை நிறுத்தி
"காக்!" என்று கூப்பிட்டார்.
தொடைப் பருமன் வேர் ஒன்று
பழைய இரும்புக் குழாயின்மேல்
கையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.
குழாயின் மூட்டில் விரிசல்.
அதற்குள் தலைமுடி போல வேர்க்கத்தை,
வெளியே சொட்டுக்கூடச் சிந்தாமல்.
"மினும்" என்றார் சுகியோனோ,
கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துச் சிரித்தபடி.

சங்கிலி போட்டு இழுத்தார்.
கட்டை வந்தது. கூடவே குழாயும்.
என் உயரத்துக்குத் தண்ணீர்.
மெயின் வால்வு எங்கே என்று எனக்குத் தெரியாது.
புவான் ரொஹாயாவுக்குத் தெரிந்திருந்தது.
கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து
சாக்கடையோரப் பூந்தொட்டியைக் காலால் தள்ளி
திருகி மூடினார்.
நனைந்து நின்றோம், மூன்று பேரும்.

ஜம்பு ஆயேர்.
பெயரிலேயே தண்ணீர் இருந்தது, யோசித்திருக்கலாம்.
அந்தப் பழத்தை உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுவிட்டு
"வெறும் தண்ணி, ருசியே இல்ல" என்போம்.
நானும் அவனும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

குழாயையும் வேரையும் சேர்த்துப் படம் எடுத்து
ஈப்போவுக்கு அனுப்பினேன்.
நீல டிக் இரண்டு.
எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது,
மறுபடி காட்டியது.
கடைசியில் ஒரு ப்ளம்பர் நம்பர் வந்தது.

மறுநாள் வந்த பையன் பள்ளத்துக்குள் இறங்கி
எத்தனை நாளாக ஒழுகுது என்று கேட்டான்.
பதினோரு வருஷம் என்றேன்.
விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.
போனை எடுத்து
பன்னிரண்டு மணிப் படத்தையும்
ஐந்து மணிப் படத்தையும்
ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன்.
நாங்கள் இரண்டு பேரும்
தூங்கிக்கொண்டிருந்த இரவுகள்.