டிஷ்யூ

"திசு" என்றாள் ரிஸ்வானா.
ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, பிசியோதெரபி அறை,
சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு ஃபேன்.
என் காதில் விழுந்தது டிஷ்யூ.
சரிகை மினுங்கும், ஒருமுறை மடித்தால் மடிப்பு போகாத,
முகூர்த்த மாதத்தில் ஆறாயிரத்துக்குக் கீழ் இறங்காத டிஷ்யூ.

இதுவும் இழைதான் அக்கா, என்றாள்.
தசைக்கு மேல் ஓர் உறை, உறைக்கு மேல் இன்னொன்று.
வயசில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும்.
ஈரம் குறைந்தால் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கா தெரியாது?
புது பண்டல் பிரிக்கும்போது
கஞ்சி போட்ட காட்டன் இரண்டு ஒட்டிக் கிடக்கும்,
இழுத்தால் சர்ரென்று ஒரு சத்தம்.
விடிகாலை ஐந்தரைக்கு
கட்டிலிலிருந்து காலை இறக்கும்போது
அதே சத்தம்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்,
எடுக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல்
புடவையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
நெசவு பார்ப்பார்களே, அப்படி.
"இங்கே பாருங்க, இடைவெளியே இல்லை."
குருத்தெலும்பு தேய்ந்து பாவு தெரிகிறது.
தொடையில் தசை இருந்த இடத்தில்
கொழுப்பு குடிவந்திருக்கிறதாம்,
இந்த ஊரில், அட்வான்ஸ் கூடக் கொடுக்காமல்.

கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள்.
நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருங்கள்.
முப்பது செகண்ட்.

ஆறு.

"உங்க வயசுக்குப் பதினொன்றாவது வரணும்" என்றாள்,
குறை சொல்லும் குரலில் அல்ல, விலை சொல்லும் குரலில்.

உஸ்மான் ரோட்டில் ஒரு கடை. பெயர் வேண்டாம்.
மூன்றாம் மாடி, இருபத்தெட்டு வருஷம்.
காலை ஒன்பதரையிலிருந்து கடைசிக் கஸ்டமர் இறங்கும்வரை
உட்காரக் கூடாது, தூணில் சாயக் கூடாது.
சாய்ந்தால் பத்து ரூபாய் பிடித்தம்.
பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர் விழும் சத்தத்துக்குள்
கவிழ்த்த வாளிமேல் ஐந்து நிமிஷம் உட்காருவோம்.
உடன்குடிக்காரி ஞானப்பூ ஏன் இத்தனை முறை போகிறாள் என்று
சூப்பர்வைசர் நோட்டில் எழுதிவைத்தார்.

அப்போது உட்கார விடவில்லை.
இப்போது உட்கார்ந்தால் எழ விடவில்லை.
எந்த நோட்டில் எழுத?

பனகல் பார்க் சிக்னலில் பச்சை இருபத்திரண்டு செகண்ட்.
எனக்கு நடுத் தீவு வரைதான் அது.
மீதியை அடுத்த பச்சைக்கு நடப்பேன்.
ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்,
எல்லோருக்கும் இரண்டு முட்டிதான்.

போன வாரம் அந்தக் கடைக்கே போனேன்,
பாவாடைத் துணி இரண்டு மீட்டர்.
இப்போது லிஃப்ட் இருக்கிறது.
சட்டம் வந்துவிட்டதாம், கவுன்டருக்குக் கவுன்டர் ஸ்டூல்,
உட்காரும் பலகையில் பிளாஸ்டிக் உறை
இன்னும் கிழியவில்லை.
அந்தப் பெண் அதை என் பக்கம் தள்ளினாள்.
"உட்காருங்கம்மா."

உட்கார்ந்தேன்.
இருபத்தெட்டு வருஷமும் சேர்ந்து உட்கார்ந்தது.

பில் வந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டேன்,
ரிஸ்வானா இல்லாவிட்டால் என்ன.
பாதி வரை வந்தேன்.
இடது முட்டி சர்ரென்றது.
கவுன்டரைப் பிடித்துத்தான் எழுந்தேன்.
அது கணக்கில் சேராது.

அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்,
வலது காலுக்கு மாறி, இடது காலுக்கு மாறி,
மறுபடி வலது.
இருபது வயது இருக்கும்.
"நீ உட்காரேன்" என்றேன்.

சிரித்தாள்.
கண் மட்டும் ஒருமுறை
மூலையிலிருந்த கேமராவுக்குப் போய்த் திரும்பியது.